ஊர் சுத்தறதுக்கு ஒரு டிகிரியா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சஸ்டெய்னபிள் டூரிசம், அதாவது ஊரையும் இயற்கையையும் கெடுக்காம சுற்றுலா நடத்தறது, அதுக்கான மேல்படிப்பு பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், அதுக்கே கேள்வி மேல கேள்வியா வந்து குவிஞ்சு போச்சு. அதனால இந்த தடவை முழுக்க அது மட்டும்தான். பேர் போட வேண்டாம்னு பாதிப் பேர் எழுதியிருந்தீங்க, மீதிப் பாதி மட்டும் போட்டா நல்லா இருக்காதுன்னு யார் பேரும் போடல. நான் ஹோட்டல்ல மெயின்டனன்ஸ் பக்கம் பல வருஷம் குப்பை கொட்டிட்டு அப்புறம்தான் இந்தப் படிப்புக்குள்ள வந்தவன், அதனால பதில்ல பைப்பும் மீட்டரும் கொஞ்சம் அதிகமாவே வரும், பொறுத்துக்கங்க.

கேள்வி: என் பொண்ணு காமர்ஸ் டிகிரி முடிச்சுட்டு இதுலதான் மாஸ்டர்ஸ் பண்ணுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. ஊர் சுத்தறதுக்கு எதுக்குங்க ஒரு டிகிரி? அப்படி என்னதான் சொல்லித் தர்றாங்க?

பதில்: சார், ஜனங்க சுத்த வர்றதால அந்த ஊருக்கு என்ன ஆகுதுன்னு உக்காந்து கணக்கு எடுக்கறவங்களுக்கான படிப்பு இது. 2019ல நாடு விட்டு நாடு போன டூரிஸ்ட் மட்டும் சுமார் 146 கோடி, 2020ல அது 40 கோடி கிட்ட வந்து விழுந்துச்சு, 2024ல திரும்ப 140 கோடிக்கு ஏறிடுச்சு. இத்தனை பேரும் குளிக்கணும், சாப்பிடணும், குப்பை போடணும், அதை அந்த ஊர்க்காரங்கதான் தாங்கணும். பாடத்திட்டம் காலேஜுக்கு காலேஜ் மாறும், ஆனா ஒரு இடத்தை எப்படி பிளான் பண்றது, டூரிஸ்ட் செலவு பண்ற காசுல எவ்வளவு அந்த ஊர்லயே தங்குது எவ்வளவு வெளிய ஒழுகிப் போகுது, தண்ணி கரண்ட் கழிவு கார்பன் இதையெல்லாம் எப்படி அளக்கறது, உள்ளூர் ஜனங்களோட எப்படி பேசி முடிவு எடுக்கறது, இந்த நாலும் இல்லாம எந்த நல்ல கோர்ஸும் இல்ல. காமர்ஸ் படிச்ச பொண்ணுன்னா இன்னும் நல்லது, ஏன்னா இயற்கை மேல பாசம் இருக்கறவங்க கிளாஸ் நிறைய வருவாங்க, பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்து பயப்படாதவங்கதான் கிடைக்கறது இல்ல.

ஒரு சின்ன உதாரணம் சொல்றேன். ஹோட்டல் பாத்ரூம்ல "பூமியைக் காப்போம், டவலை மறுபடி பயன்படுத்துங்க"ன்னு ஒரு அட்டை தொங்கும், பார்த்திருப்பீங்க. ஜே வெஸ்டர்வெல்ட்னு ஒரு சுற்றுச்சூழல் ஆர்வலர் 1986ல அந்த அட்டையைப் பத்தித்தான் எழுதினாரு, துவைக்கற செலவை மிச்சம் பிடிக்கறாங்க, மத்தபடி இவங்க சுற்றுச்சூழலுக்குன்னு ஒண்ணும் பண்றது இல்ல, ஆனா பேர் மட்டும் பூமிக்கு அப்படின்னு. கிரீன்வாஷிங்ங்கற வார்த்தையே அங்கதான் பொறந்துச்சு. அதே டவல் அட்டையை வெச்சு 2008ல கோல்ட்ஸ்டீன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ்னு மூணு பேர் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. பூமியைக் காப்போம்னு எழுதறதை விட "இதே ரூம்ல தங்கினவங்கள்ல பெரும்பாலானவங்க டவலை மறுபடி பயன்படுத்தினாங்க"ன்னு எழுதினா நிறைய பேர் கேட்கறாங்கன்னு தெரிய வந்துச்சு. ஒரே அட்டைதான், ஆனா அதுக்குள்ள பம்மாத்தும் இருக்கு, மனுஷ மனசு எப்படி வேலை செய்யுதுங்கற அறிவும் இருக்கு, லாண்டரி பில்லும் இருக்கு. இந்த மூணையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியறதுதான் சார் படிப்பு. பொண்ணை விடுங்க, படிக்கட்டும்.

கேள்வி: கடைசி செமஸ்டர்ல இருக்கேன். சஸ்டெய்னபிலிட்டி மேனேஜர்னு தேடினா எல்லா விளம்பரத்துலயும் 5 வருஷ எக்ஸ்பீரியன்ஸ் கேட்கறாங்க. எங்களை மாதிரி ஃபிரெஷர்ஸ் எங்க போறது?

பதில்: அந்தப் பேரைப் போட்டுத் தேடறதை முதல்ல நிறுத்துங்க. பெரிய ஹோட்டல் குழுமத்துலயே அந்தப் பேர்ல விரல் விட்டு எண்ணற அளவுக்குத்தான் ஆள் இருப்பாங்க. ஃபிரெஷருக்கு உள்ள நுழையற கதவு வேற பேர்ல இருக்கு. டேட்டா அனலிஸ்ட், ரிப்போர்ட்டிங் அசிஸ்டென்ட், விசிட்டர் மேனேஜ்மென்ட், சுற்றுலா வாரியத்துல புள்ளிவிவரப் பிரிவு, டூர் ஆபரேட்டர் கிட்ட புராடக்ட் டீம், சான்றிதழ் கொடுக்கற நிறுவனத்துல ஜூனியர் ஆடிட்டர், இப்படித் தேடிப் பாருங்க. 2024ல ஐநா புள்ளியியல் ஆணையம் டூரிசத்தோட நிலைத்தன்மையை அளக்க ஒரு பொதுவான சட்டகத்தை ஏத்துக்கிச்சு, இனி எத்தனை பேர் வந்தாங்க எவ்வளவு செலவு பண்ணாங்கன்னு மட்டும் எண்ணினா போதாது, சமூகம் சுற்றுச்சூழல் கணக்கும் சேர்த்து எடுக்கணும்ங்கற திசையில நாடுகள் போகுது, அதுக்கு எண் தெரிஞ்ச ஆள் வேணும். ஐரோப்பிய யூனியன்ல 2026 செப்டம்பர் 27ல இருந்து இன்னொரு சட்டம் அமலுக்கு வருது, ஆதாரம் காட்ட முடியாம "ஈகோ ஃபிரெண்ட்லி", "கிரீன்"னு வாடிக்கையாளர் கிட்ட அடிச்சு விட முடியாது, இலை படம் போட்ட முத்திரை கூட ஒழுங்கான சான்றிதழ் முறையோ அரசு அமைப்போ பின்னாடி இருந்தாத்தான் போடலாம். இதெல்லாம் வேலையா மாறும், ஆனா எக்செல்ல பிவட் டேபிள் போடத் தெரியாதவங்களுக்கு மாறாது, அதையும் சொல்லிடறேன். சம்பளம் ஆரம்பத்துல பெருசா இருக்காது, இந்தத் துறையே அப்படித்தான், மறைச்சு என்ன ஆகப் போகுது.

கேள்வி: ஹோட்டல் ஃபிரண்ட் ஆபீஸ்ல 8 வருஷம் ஆச்சு. வேலையை விட்டுட்டு ரெண்டு வருஷம் மாஸ்டர்ஸ் போகலாமா, இல்ல சர்டிஃபிகேட் கோர்ஸ் போதுமா? குடும்பம் இருக்கு.

பதில்: குடும்பம் இருக்குன்னு நீங்க எழுதின அந்தக் கடைசி ரெண்டு வார்த்தையிலயே பாதி பதில் வந்துடுச்சு. உடனே வேலையை விடாதீங்க. முதல்ல ஒரு சர்டிஃபிகேட் முடிங்க. குளோபல் சஸ்டெய்னபிள் டூரிசம் கவுன்சில்னு ஒரு அமைப்பு இருக்கு, ஜிஎஸ்டிசின்னு சுருக்கிச் சொல்லுவாங்க. ஹோட்டல், டூர் ஆபரேட்டருக்குன்னு ஒரு அளவுகோல், சுற்றுலாத் தலங்களுக்குன்னு இன்னொரு அளவுகோல் வெச்சிருக்காங்க. நிர்வாகம், சமூகப் பொருளாதாரம், கலாசாரம், சுற்றுச்சூழல்னு நாலு தூண் மேல நிக்கற அளவுகோல் அது. அவங்க பயிற்சில உக்காந்து பரீட்சை எழுதினா புரொஃபஷனல் சர்டிஃபிகேட் கிடைக்கும், ஆன்லைன்லயும் உண்டு, வேலை பார்த்துக்கிட்டே முடிக்கலாம். அந்த அளவுகோல் இலவசமாவே படிக்கக் கிடைக்குது, பணம் கட்டறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை முழுசா படிச்சுப் பாருங்க, தூக்கம் வந்துச்சுன்னா இந்தத் துறை உங்களுக்கு செட் ஆகாது, காசாவது மிச்சம்.

தூக்கம் வரலைன்னா உங்க ஹோட்டல்லயே ஆரம்பிங்க. எப்படின்னு சொல்றேன். 40 ரூம் ஹோட்டல்னு வெச்சுக்கங்க, ஒரு மாசம் 60 சதவீதம் நிரம்பியிருந்தா 30 நாளுக்கு 720 ரூம் நைட் (ஒரு ரூம் ஒரு ராத்திரி நிரம்பினா ஒண்ணு), ரூமுக்கு சராசரி 1.8 பேர்னா 1,296 கெஸ்ட் நைட் (ஒரு ஆள் ஒரு ராத்திரி தங்கினா ஒண்ணு). அந்த மாசம் மெயின் மீட்டர்ல 650 கிலோலிட்டர் ஓடியிருக்குன்னா ஒரு விருந்தாளிக்கு ஒரு ராத்திரிக்கு சுமார் 500 லிட்டர். இந்த எண்ணைக் கண்டுபிடிக்க உங்களை விட்டா ஆள் இல்ல, ஏன்னா மீட்டர் ரீடிங் இன்ஜினியரிங் கிட்ட இருக்கும், ஆனா எத்தனை பேர் தங்கினாங்கங்கற கணக்கு ஃபிரண்ட் ஆபீஸ் சிஸ்டத்துல இருக்கும், இந்த ரெண்டு டிபார்ட்மென்ட்டும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கறதே லிஃப்ட் ரிப்பேர் ஆனாத்தான்.

அடுத்தது ராத்திரி 2 மணிக்கு ஒரு தடவை, 4 மணிக்கு ஒரு தடவை மீட்டரைப் பாருங்க. எல்லாரும் தூங்கற நேரம், லாண்டரி மூடியிருக்கு, கிச்சன் மூடியிருக்கு, அப்பவும் மணிக்கு 200 லிட்டர் ஓடுதுன்னா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். நாளைக்கு 4,800 லிட்டர், மாசத்துக்கு 144 கிலோலிட்டர், மொத்த பில்லுல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல. ஒரு விஷயம் மட்டும் ஜாக்கிரதை, ஓவர்ஹெட் டேங்க் நிரம்பற நேரத்துல மீட்டர் எப்படியும் ஓடும், அதை லீக்னு எழுதிக் கொடுத்து அசிங்கப்பட்டுடாதீங்க, டேங்குக்குப் போற வால்வை மூடிட்டு டேங்க் மட்டம் இறங்குதான்னு பாருங்க. நான் இருந்த ஒரு ஹோட்டல்ல இப்படி தேடிக்கிட்டே போனா ஒரே மாடில மூணு ஃபிளஷ் டேங்க்ல ரப்பர் வாஷர் தேஞ்சு போய் சத்தமே இல்லாம தண்ணி கம்மோடுக்குள்ள போய்க்கிட்டு இருந்துச்சு, கொஞ்சம் கலர் கரைச்சு டேங்க்ல ஊத்தி கால் மணி நேரம் கழிச்சு கீழ பார்த்தோம், கலர் வந்துடுச்சு. அந்த வருஷம் லாபியில பெருசா பச்சைச் சுவர் வெச்சு செடி வளர்த்ததுக்குத்தான் எல்லாரும் கை தட்டினாங்க, வாஷர் மாத்தினதுக்கு யாரும் தட்டல.

இந்த மாதிரி ரெண்டு மூணு கணக்கு கையில இருந்தா, அப்புறம் பார்ட் டைம் மாஸ்டர்ஸ் அப்ளிகேஷன்ல எழுத உங்களுக்கு விஷயம் இருக்கும். 8 வருஷ அனுபவத்தை சில பல்கலைக்கழகங்கள் கிரெடிட்டாவே கழிச்சுக் கொடுக்கும், கேட்டாத்தான் கொடுப்பாங்க, கேளுங்க.

கேள்வி: ஜிஎஸ்டிசி சர்டிஃபிகேட் நான் வாங்கிட்டேன். எங்க ரிசார்ட் வாசல்ல போர்டு மாட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. அது உங்க மூளைக்கு கொடுத்தது, ரிசார்ட்டுக்கு கொடுத்தது இல்ல. ரிசார்ட்டுக்கு வேணும்னா தனி ஆடிட் நடக்கணும், அந்த ஆடிட்டையும் ஜிஎஸ்டிசி நேரா பண்ணாது, சான்றிதழ் கொடுக்கற அமைப்புகளை சரிபார்த்து அங்கீகாரம் கொடுக்கறதுதான் அதோட வேலை. இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு, ஒரு முத்திரையோட விதிமுறை ஜிஎஸ்டிசி அளவுகோலுக்கு சமமா இருக்குன்னா "ரெகக்னைஸ்டு", அந்த விதியை வெச்சு ஆடிட் பண்ற அமைப்பையே சோதிச்சுப் பார்த்தாச்சுன்னா "அக்ரெடிட்டட்". பிரோஷர்ல இந்த ரெண்டையும் குழப்பி எழுதறவங்க தெரியாமத்தான் எழுதறாங்கன்னு நான் நம்பறது இல்ல.

கேள்வி: எந்த காலேஜ் நல்ல காலேஜ்னு எப்படி கண்டுபிடிக்கறது? எல்லா பிரோஷர்லயும் மலை, அருவி, சிரிக்கற பசங்கன்னு ஒரே படமா இருக்கு.

பதில்: படத்தைத் தாண்டி பாடப் பட்டியலுக்கு வாங்க. பழைய டூரிசம் எம்பிஏ பாடத்தையே வெச்சுக்கிட்டு கடைசி செமஸ்டர்ல "சஸ்டெய்னபிலிட்டி"ன்னு ஒரே ஒரு பேப்பரைச் சேர்த்து பேரை மாத்தின கோர்ஸுங்க நிறைய இருக்கு, பழைய சுவருக்கு பச்சை பெயின்ட். அதைக் கண்டுபிடிக்க ஒரே கேள்விதான், போன வருஷ பசங்க ஃபீல்டுக்குப் போய் என்ன அளந்துட்டு வந்தாங்கன்னு கேளுங்க. போன இடத்தோட பேரையும் குரூப் போட்டோவையும் காட்டினா அது டூர், எண்களைக் காட்டினா அது படிப்பு. முடிச்ச பசங்க ரெண்டு பேர் கிட்ட தனியா பேசுங்க, அட்மிஷன் ஆபீஸ் கொடுக்கற நம்பர் வேண்டாம், நீங்களாவே தேடிப் பிடிங்க.

வெளி முத்திரைன்னா, ஐநா சுற்றுலா அமைப்பு (முன்னாடி யுஎன்டபிள்யூடிஓ, 2024ல இருந்து யுஎன் டூரிசம்) டூரிசம் கோர்ஸுகளுக்கு டெட்க்வால்னு ஒரு தரச்சான்று கொடுக்குது, இருந்தா நல்லது, இல்லைன்னா மோசம்னு அர்த்தம் இல்ல, அது அவங்கவங்க விருப்பப்பட்டு வாங்கறது. கோர்ஸோட குணம் எங்க சாயுதுன்னு பாருங்க. நெதர்லாந்துல வாகனிங்கன் பல்கலைக்கழகத்துல டூரிசம், சமூகம், சுற்றுச்சூழல்னு எம்எஸ்சி, அது சமூக அறிவியல் ஆராய்ச்சி பக்கம் சாயும். யூரோப்பியன் மாஸ்டர் இன் டூரிசம் மேனேஜ்மென்ட்னு ஒண்ணு, டென்மார்க், ஸ்லோவேனியா, ஸ்பெயின்னு மூணு நாட்டு பல்கலைக்கழகத்துல மாறி மாறி ரெண்டு வருஷம், அது மேனேஜ்மென்ட் பக்கம். ஜெர்மனில எபர்ஸ்வால்ட்ல பேரே சஸ்டெய்னபிள் டூரிசம் மேனேஜ்மென்ட்தான், ஆனா பாடம் ஜெர்மன் மொழியில. பேரை மட்டும் பார்த்து ஆசைப்பட்டு அப்புறம் மொழியில முட்டிக்காதீங்க, அதுக்குத்தான் இதைச் சொன்னேன். ஃபீஸ், ஸ்காலர்ஷிப் எல்லாம் வருஷா வருஷம் மாறும், அந்தந்த பல்கலைக்கழகத்தோட சொந்தப் பக்கத்துல மட்டும் பாருங்க, ஏஜென்ட் வாட்ஸ்அப்ல அனுப்பற பிடிஎஃப்பை நம்பாதீங்க.

கேள்வி: தீசிஸுக்கு "ஓவர்டூரிசம்"னு தலைப்பு கொடுத்தேன், கைடு ரிஜெக்ட் பண்ணிட்டாரு. ஏன்?

பதில்: கைடு நல்லவரு. ஓவர்டூரிசம், அதாவது ஊர் தாங்காத அளவுக்கு கூட்டம் வர்றதுங்கறது ஒரு புலம்பல், அதை வெச்சு தீசிஸ் எழுத முடியாது, கேள்வியா மாத்தணும். டாக்ஸின்னு (Doxey) ஒரு ஆராய்ச்சியாளர் 1975லயே உள்ளூர் ஜனங்க மனசு எப்படி மாறும்னு சொல்லிட்டாரு, முதல்ல சந்தோஷம், அப்புறம் கண்டுக்காம இருக்கறது, அப்புறம் எரிச்சல், கடைசில விரோதம். பட்லர்னு இன்னொரு ஆராய்ச்சியாளர் 1980ல ஒரு தலம் பொறந்து வளர்ந்து தேங்கி நிக்கற வளைவை வரைஞ்சு கொடுத்துட்டாரு. அதனால "கூட்டம் அதிகம், ஜனங்க கோவமா இருக்காங்க"ன்னு நீங்க புதுசா சொல்ல ஒண்ணும் இல்ல.

ஒரே ஒரு நடைபாதையை எடுத்துக்கங்க. ஒரு கிலோமீட்டர் பாதை, 10 பேர் கொண்ட குழு நடந்தா 10 மீட்டர் பிடிக்கும், அடுத்த குழு கண்ணுல படாம இருக்க 50 மீட்டர் இடைவெளி, ஆக ஒரு குழுவுக்கு 60 மீட்டர், ஒரே நேரத்துல 16 குழு. பாதை 8 மணி நேரம் திறந்திருக்கு, நடந்து முடிக்க 2 மணி நேரம், நாலு சுத்து, 64 குழு, 640 பேர். பார்த்தா அறிவியல் மாதிரியே இருக்கு. இப்ப மழை நாளைக் கழிங்க, சறுக்கற இடத்தைக் கழிங்க, பறவை கூடு கட்டற நேரத்தைக் கழிங்க, கடைசில மேற்பார்வை பண்ண ரெண்டு காவலர்தான் இருக்காங்கன்னு கழிங்க, 640 எங்கயோ போயிடும். 1992ல சிஃபுவென்டஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் சொன்ன தாங்குதிறன் கணக்கு இந்த வழியிலதான் போகுது. ஆனா அமெரிக்க வனத்துறை ஆராய்ச்சியாளர்கள் 1985லயே வேற மாதிரி கேட்டுட்டாங்க, எத்தனை பேர்ங்கறதை விடு, எவ்வளவு மாற்றத்தை நாம ஒத்துக்கலாம்னு. 100 பேர் அமைதியா நடந்துட்டுப் போறதும் 20 பேர் பாதையை விட்டு இறங்கி மிதிக்கறதும் ஒண்ணா? உங்க பாதையில இந்த ரெண்டு முறையும் என்ன பதில் கொடுக்குது, ஏன் வித்தியாசப்படுதுன்னு எழுதுங்க, கைடு தானா கையெழுத்து போடுவாரு.

பெரிய உதாரணம் வேணும்னா தாய்லாந்துல மாயா பேங்கற கடற்கரை. 2018 ஜூன்ல மூடினாங்க, 2022 ஜனவரிலதான் திறந்தாங்க, பவளப்பாறை வளர்க்க இடம் கொடுத்து, திரும்ப திறந்தப்ப படகு விரிகுடாவுக்குள்ளயே வரக்கூடாதுன்னு பின்பக்கமா இறக்கி நடக்க வெச்சாங்க, ஆள் எண்ணிக்கைக்கும் வரம்பு போட்டாங்க. துடுப்பு நுனி கறுப்பா இருக்கற சுறாங்க திரும்பி வந்துச்சு. வெனிஸ் வேற வழி, வந்துட்டு அன்னிக்கே திரும்பறவங்க கிட்ட வருஷத்துல குறிப்பிட்ட சில நாள்ல மட்டும் கட்டணம், 2024 ஏப்ரல் 25ல 5 யூரோன்னு ஆரம்பிச்சாங்க. மூடறதுக்கும் டிக்கெட் போடறதுக்கும் நடுவுல என்ன வித்தியாசம், யார் வயித்துல அடி விழுது, இதுல ஒரு முழு தீசிஸ் இருக்கு, நான் எழுத நினைச்சதுதான், நேரம் இல்ல, நீங்க எடுத்துக்கங்க.

கேள்வி: பிளேன்ல பறந்து போய் சஸ்டெய்னபிலிட்டி படிக்கறதே காமெடி இல்லையா?

பதில்: காமெடிதான். 2019ல உலக பசுமைக்குடில் வாயு வெளியேற்றத்துல டூரிசத்தோட பங்கு 8.8 சதவீதம்னு 2024ல வந்த ஆய்வு சொல்லுது, அதுல பறக்கறது பெரிய துண்டு. 2021ல கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுல டூரிசத்துக்குன்னே தனிப் பிரகடனம் வந்துச்சு, பத்து வருஷத்துல பாதியாக் குறைக்கணும்னு கையெழுத்து போட்டவங்க இருக்காங்க. டவல் அட்டைக்கு ஒரு செமஸ்டர் ஒதுக்கிட்டு விமானத்துக்கு ஒரு கிளாஸ் கூட எடுக்காத கோர்ஸ்னா நான் அதுல சேர மாட்டேன். ஆன்லைன்ல படிச்சா பாதி பாவம் குறையும், ஆனா ஃபீல்டு வொர்க்கை ஆன்லைன்ல பண்ண முடியாது, கிட்ட இருக்கற இடத்துலயே பண்ணிக்கலாம்னு சொல்ற கோர்ஸ் இருக்கான்னு தேடுங்க.

கேள்வி: நான் காட்டுக்குள்ள கைடா 12 வருஷமா இருக்கேன், டிகிரி கிடையாது. எனக்கு இதுல இடம் இருக்கா?

பதில்: அண்ணே, மாஸ்டர்ஸ் முடிச்ச பசங்க உங்களை மாதிரி ஆள் கிட்டதான் வந்து பேட்டி எடுப்பாங்க. டிகிரி இல்லாம நேரா மாஸ்டர்ஸ் கஷ்டம், பொய் சொல்ல விரும்பல. ஆனா முன்அனுபவத்தை ஏத்துக்கற டிப்ளமா சில நாடுகள்ல இருக்கு, நேச்சர் கைடு பயிற்சி, சான்றிதழ் அமைப்புகளோட ஆடிட்டர் பயிற்சி இதுக்கெல்லாம் அனுபவத்துக்கு மதிப்பு உண்டு. அங்க போறதுக்கு முன்னாடி இன்னிக்கே ஒண்ணு ஆரம்பிங்க. ஒரு நோட்டு வாங்கி தினமும் தேதி, மணி, எத்தனை பேரை கூட்டிட்டுப் போனீங்க, எந்த மிருகம் எந்த இடத்துல எவ்வளவு தூரத்துல இருந்துச்சு, உங்களைப் பார்த்ததும் நின்னுச்சா ஓடிச்சா, இவ்வளவு போதும். ரெண்டு வருஷம் எழுதினா, கூட்டம் பெருசானா மிருகம் எவ்வளவு தூரம் தள்ளிப் போகுதுன்னு உங்க கையிலயே கணக்கு இருக்கும், அதை எந்த நேர்முகத்துலயும் மேஜை மேல வைக்கலாம். பேனாவால எழுதாதீங்க, மழையில மை கரைஞ்சுடும், பென்சில்தான்.